மேடைக் கிட்டாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபயர்: ஒரு தேர்வின் வரலாறு

வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் என்பது மின்கிட்டாரின் கம்பி அதிர்விலிருந்து கிடைக்கும் மிகச் சிறிய மின் குறிகையை வெற்றிடக் குழாய்களைக் கொண்டு பெருக்கி ஸ்பீக்கரை இயக்கும் கருவி. இந்தக் குழாயை அமெரிக்கர்கள் டியூப் என்றும் பிரிட்டனில் வால்வு என்றும் அழைத்தனர். வால்வு ரேடியோ வழியாகத் தமிழிலும் வால்வு என்ற சொல்லே நிலைத்தது. வீட்டு ரேடியோவிலிருந்தும் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்தும் வால்வு விலகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கிட்டார் மேடையில் மட்டும் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

மேடையில் வாசிப்பதற்காக இக்கருவியை வாங்குபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை வாட் வேண்டும் என்பதே. இக்கேள்விக்கான விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1930களில் 15 வாட் பெரிய ஆம்ப்ளிஃபயராகக் கருதப்பட்டது. 1960களின் இறுதியில் 100 வாட்டும் போதவில்லை என்றனர். இன்று பெரிய அரங்குகளில்கூட 15 முதல் 40 வாட் வரையிலான ஆம்ப்ளிஃபயர்கள் சாதாரணமாகக் காணப்படுகின்றன. கிட்டார் தன் ஒலியைத் தானே கடைசி வரிசைவரை கொண்டுசெல்ல வேண்டியிருந்ததா, அந்த வேலையை வேறொரு அமைப்பு ஏற்றுக்கொண்டதா என்பதே இம்மாற்றங்களின் முதன்மையான காரணம்.

ரேடியோவிலிருந்து வந்த கருவி

1904-ல் பிரிட்டனில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இருமுனை வால்வை உருவாக்கினார். 1906-ல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது மின்முனையைச் சேர்த்தார். சிறிய குறிகையைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வழி அதிலிருந்து பிறந்தது. தொலைபேசி, வானொலி, பேசும்படம் ஆகிய மூன்றும் அதைப் பயன்படுத்தி வளர்ந்தன.

அக்காலத்து அமெரிக்க நடன அரங்குகளில் கிட்டார் மிக மெலிந்த குரல் கொண்ட வாத்தியம். டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் ஆகியவற்றுக்கு நடுவே அது தாளத்துக்குத் துணையாக மட்டுமே இருந்தது. 1932-ல் சந்தைக்கு வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் மின் ஹவாய் கிட்டார் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. 1936-ல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 என்ற மின்கிட்டாரை வெளியிட்டது. அதனுடன் விற்கப்பட்ட இஎச்-150 ஆம்ப்ளிஃபயரின் திறன் ஏறத்தாழ 15 வாட். 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் இந்த வகைக் கருவிகளைக் கொண்டு கிட்டாரைத் தனி ஆவர்த்தனம் செய்யும் வாத்தியமாக நிறுவினார். காசநோயால் 1942-ல் தம் இருபத்தைந்தாம் வயதில் அவர் இறந்தார். கிட்டார் கலைஞர் குழுவின் முன்வரிசைக்கு வர முடியும் என்பது அதற்குள் உறுதியாகிவிட்டது.

அன்று ஆம்ப்ளிஃபயரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றே. கிட்டாரின் ஒலியை உள்ளது உள்ளபடி பெரிதாக்க வேண்டும். ஒலி கரகரத்தால் அது கருவியின் குறை.

ஃபுல்லர்டன் பட்டறை

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1938-ல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை தொடங்கியவர் லியோ ஃபெண்டர். அவர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஆனால் பழுதுக்கு வரும் கருவிகள் எங்கே உடைகின்றன என்பதை நன்கு அறிந்தவர். 1946-ல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கியபோது, எளிதில் திறந்து பழுதுபார்க்கக்கூடிய, ஊர் ஊராக வண்டியில் ஏற்றிச் சென்றாலும் தாங்கக்கூடிய ஆம்ப்ளிஃபயர்களை உருவாக்கினார்.

நடன அரங்குகளில் வாசித்த நாட்டார் இசைக் குழுக்கள் தெளிவான, உரத்த ஒலியைக் கேட்டன. ஃபெண்டர் அதற்கேற்பத் திறனைக் கூட்டினார். 1952-ல் பேஸ் கிட்டாருக்காக பாஸ்மேன் வந்தது. 1950களின் இறுதியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களும் இரண்டு 6எல்6 வகை வால்வுகளும் கொண்ட அதன் வடிவம் 45 வாட் அளவை எட்டியிருந்தது. பேஸுக்காகச் செய்யப்பட்ட அதைக் கிட்டார் கலைஞர்களே அதிகம் விரும்பினர். 1963-ல் இரண்டு புகழ்பெற்ற வடிவங்கள் வெளிவந்தன. ஒன்று ஏறத்தாழ 85 வாட் திறனும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் கொண்ட ட்வின் ரிவெர்ப். மற்றொன்று 22 வாட் திறனும் ஒரே 12 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட டீலக்ஸ் ரிவெர்ப்.

ஃபெண்டரைப் பெரிய திறன் நோக்கித் தள்ளியவர்களில் ஒருவர் டிக் டேல். கலிஃபோர்னியக் கடற்கரையில் பால்போவாவின் ரான்டெவூ நடன அரங்கில் திரண்ட இளைஞர் கூட்டத்துக்கு அவர் வாசித்த வேகத்திலும் ஒலியளவிலும் ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்பீக்கர்களும் தாங்காமல் கெட்டுப்போயின. 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கருடன் வந்த ஷோமேன் ஆம்ப்ளிஃபயர் அவருடைய தேவையை ஒட்டி உருவானது.

குறை குணமான கதை

வால்வு ஆம்ப்ளிஃபயரில் மூன்று முதன்மை நிலைகள் உள்ளன. முதல் நிலையில் 12ஏஎக்ஸ்7 போன்ற சிறிய வால்வுகள் கிட்டாரின் குறிகையைப் பெருக்கும். பிரிட்டனில் இதே வால்வு இசிசி83 எனப்பட்டது. இரண்டாம் நிலையில் 6எல்6, 6வி6, இஎல்34, இஎல்84 போன்ற பெரிய வால்வுகள் ஸ்பீக்கருக்குத் தேவையான திறனைத் தரும். மூன்றாவதாக, உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் வால்வையும் குறைந்த மின்தடை கொண்ட ஸ்பீக்கரையும் வெளியீட்டு மின்மாற்றி இணைக்கும்.

வால்வு தன் எல்லையை நெருங்கும்போது குறிகையின் முகடுகளைச் சட்டென்று வெட்டுவதில்லை. மெல்ல வளைத்து அழுத்துகிறது. இதனால் அடிப்படைச் சுரத்தின் மேல் புதிய மேற்சுரங்கள் சேர்கின்றன. மென்மையாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் ஒலிக்கும். விரலின் அழுத்தமே ஒலியின் தன்மையைத் தீர்மானிக்கும் இந்நிலையைக் கிட்டார் கலைஞர்கள் விரும்பத் தொடங்கினர். 1951-ல் ஐக் டர்னரின் குழுவினர் மெம்ஃபிஸில் பதிவுசெய்த ராக்கெட் 88 என்ற பாடலில், பழுதடைந்த ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பு அப்படியே விடப்பட்டது. டிஸ்டார்ஷன் எனப்படும் ஒலிச் சிதைவு விரும்பப்படும் குணமாக மாறியதற்கு முன்னோடியாக அது குறிப்பிடப்படுகிறது.

1960களின் நடுவில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் வந்தபோது அவை எடை குறைந்தவை, சூடாகாதவை என்று விளம்பரம் செய்யப்பட்டன. கிட்டார் கலைஞர் பலர் அவற்றை ஏற்கவில்லை. 1973-ல் ஒலிப்பதிவுப் பொறியாளர் ரசல் ஹாம் ஒலிப்பொறியியல் சங்க இதழில் வெளியிட்ட கட்டுரை அதற்கு ஒரு விளக்கம் தந்தது. எல்லை மீறும்போது வால்வும் டிரான்சிஸ்டரும் வெவ்வேறு மேற்சுரங்களை எழுப்புகின்றன என்பதையும், எல்லை மீறிய பிறகும் வால்வு ஒலி காதுக்கு உறுத்தாமல் இருக்கிறது என்பதையும் அவர் அளவீடுகளுடன் காட்டினார்.

இதிலிருந்து மேடைக் கலைஞருக்கு ஒரு சிக்கல் பிறந்தது. விரும்பிய ஒலி வால்வு தன் எல்லையில் இயங்கும்போதுதான் கிடைக்கிறது. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் அந்த எல்லையைத் தொடும்போது சிறிய அறையில் யாரும் நிற்க முடியாது. 5 வாட் ஆம்ப்ளிஃபயர் அதைத் தொடும்போது டிரம்ஸின் ஓசையில் கிட்டார் மறைந்துவிடும்.

லண்டன்: ஏசி30-லிருந்து மார்ஷல் அடுக்குவரை

1950களின் பிரிட்டனில் அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் எளிதில் கிடைக்கவில்லை; கிடைத்தாலும் விலை மிக அதிகம். கென்ட் மாவட்டத்தின் டார்ட்ஃபர்ட் நகரில் டாம் ஜென்னிங்ஸின் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி15 1950களின் இறுதியில் வெளிவந்தது. அதில் இரண்டு இஎல்84 வால்வுகள் இருந்தன. ஷேடோஸ் குழுவினர் இன்னும் உரத்த ஒலி கேட்டதன் விளைவாக நான்கு இஎல்84 கொண்ட ஏசி30 உருவானது. சில ஆண்டுகளில் பீட்டில்ஸ் குழுவும் அதையே பயன்படுத்தியது.

லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் 1960-ல் இசைக்கருவிக் கடை திறந்தவர் டிரம்ஸ் ஆசிரியரான ஜிம் மார்ஷல். கடைக்கு வந்த இளம் கலைஞர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து 1962-ல் ஜேடிஎம்45 என்ற ஆம்ப்ளிஃபயரை உருவாக்கினார். ஃபெண்டர் பாஸ்மேனின் மின்சுற்றே அதன் அடிப்படை. உதிரிபாகங்கள் உள்ளூரில் கிடைத்தவை. திறந்த பெட்டிக்குப் பதிலாக நான்கு 12 அங்குல செலெஸ்டியன் ஸ்பீக்கர்கள் பொருத்திய மூடிய பெட்டி பயன்படுத்தப்பட்டது. இம்மாற்றங்களால் அதே மின்சுற்று வேறொரு குரலில் பேசியது.

1965-ல் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விசிலும் இதைவிட அதிகத் திறன் கேட்டனர். மார்ஷல் 100 வாட் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். எட்டு ஸ்பீக்கர்களையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும் என்று டவுன்ஷெண்ட் விரும்பினார். அப்படிச் செய்த பெட்டியைத் தூக்குவது சுமைப் பணியாளர்களுக்குப் பெரும்பாடானதால், நான்கு ஸ்பீக்கர் கொண்ட இரு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை வந்தது. ராக் மேடையின் அடையாளமான மார்ஷல் அடுக்கு இவ்வாறு உருவானது.

1966-ல் வெளியான ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன், மார்ஷல் ஆம்ப்ளிஃபயரை மேடையில் வாசிக்கும் அதே ஒலியளவில் வைத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் வந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 100 வாட் மார்ஷல் அடுக்குகளைத் தம் மேடை ஒலியின் மையமாக்கினார்.

ஷே அரங்கின் பாடம்

திறனை இப்படி உயர்த்திக்கொண்டே போனதன் காரணத்தை 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் நடந்த பீட்டில்ஸ் நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. ஏறத்தாழ 55,600 பேர் திரண்டிருந்தனர். கிட்டார்களுக்கு வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைத் தந்திருந்தது. பாடகர்களின் குரல் விளையாட்டு அறிவிப்புக்கான ஒலிபெருக்கிகள் வழியாகவும் ஒலித்தது. கலைஞர்கள் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்க உதவும் மானிட்டர் ஸ்பீக்கர்கள் மேடையில் இல்லை. ரசிகர்களின் கூச்சலில் இசை மூழ்கியது. அக்காலத்து மேடைகளில் மற்றவர்களின் உடலசைவைப் பார்த்தே பாடலின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஊகித்து வாசித்ததாக ரிங்கோ ஸ்டார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1966 ஆகஸ்ட் 29-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு அக்குழு கட்டண நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டது.

எவ்வளவு பெரிய கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் தனியாக ஒரு விளையாட்டரங்கை நிரப்ப முடியாது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. திறன் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். 10 வாட்டைவிட 100 வாட் இருமடங்கு உரத்ததாகவே கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் இழப்பு ஏற்படும்.

மைக் வந்த பிறகு

இதற்குத் தீர்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு வெளியே கிடைத்தது. 1967-ல் வின்சர் இசை விழாவுக்கு சார்லி வாட்கின்ஸ் 1,000 வாட் பொது ஒலிபெருக்கி அமைப்பைக் கொண்டுவந்தார். 1969-ல் உட்ஸ்டாக் விழாவின் ஒலியமைப்பை பில் ஹான்லி செய்தார். தமிழகத்தில் மைக் செட் எனப்படும் இந்த அமைப்பு 1970களில் குரலுக்கு மட்டுமின்றி எல்லா வாத்தியங்களுக்கும் பொதுவானது. ஸ்பீக்கருக்கு முன் ஒரு மைக் வைத்தால் போதும். சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஒலியும் கடைசி வரிசையை எட்டியது. மேடையில் உள்ளவர்களுக்கு மானிட்டர்கள் வந்தன.

கருவியும் மாறியது. கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித், ஃபெண்டரின் சிறிய பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பெரிய ஆம்ப்ளிஃபயரின் திறனை அடக்கினார். பின்னர் மெசா பூகி ஆம்ப்ளிஃபயரின் முதல் நிலையில் கூடுதல் பெருக்கத்தையும், மொத்த ஒலியளவைத் தனியே குறைக்கும் மாஸ்டர் வால்யூம் குமிழையும் சேர்த்தார். மார்ஷலும் 1975-ல் மாஸ்டர் வால்யூம் வடிவத்தை வெளியிட்டது. குறைந்த ஒலியளவிலேயே முதல் நிலை வால்வுகளிலிருந்து சிதைவைப் பெற இது வழி தந்தது. இறுதி வால்வுகளும் மின்மாற்றியும் தரும் அழுத்தம் இதில் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதால் சிறிய ஆம்ப்ளிஃபயரின் மதிப்பு குறையவில்லை. நீல் யங் பெரிய அரங்குகளிலும் 15 வாட் அளவே கொண்ட 1959-ஆம் ஆண்டு ஃபெண்டர் டீலக்ஸைத் தம் ஒலியின் மூலமாகப் பயன்படுத்திவருகிறார்.

இன்றைய தேர்வுக்கு இவ்வரலாறு சொல்வது

மேடைக்கான வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அறிய வேண்டியது, அரங்கில் கிட்டாருக்கு மைக் வைப்பார்களா என்பது. வைப்பார்கள் என்றால், ஆம்ப்ளிஃபயர் டிரம்ஸுக்கு ஈடுகொடுத்து மேடையில் கேட்டால் போதும். நல்ல 12 அங்குல ஸ்பீக்கருடன் 15 முதல் 22 வாட் அதற்குப் போதும். மைக் இல்லாத கூடங்களில் வாசிப்பவருக்கு 30 முதல் 40 வாட் பொருத்தமானது.

இரண்டாவது கேள்வி, தெளிந்த ஒலி வேண்டுமா, சிதைந்த ஒலி வேண்டுமா என்பது. ஜாஸ், நாட்டார் இசை போன்றவற்றில் உரத்து வாசிக்கும்போதும் தெளிவு குலையக் கூடாது. அதற்குத் திறன் மிகுதியாக வேண்டும். ட்வின் ரிவெர்ப் அதற்காகவே செய்யப்பட்டது. பெடல்களைக் கொண்டு சிதைவை உண்டாக்குபவருக்கும் இது பொருந்தும். ஆம்ப்ளிஃபயரின் சொந்தக் கரகரப்பை விரும்புபவர் சிறியதை வாங்கி அதன் எல்லையில் இயக்குவதே நல்லது.

மூன்றாவது ஸ்பீக்கர். ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை நீக்கி 100 டெசிபல் தருவதைப் பொருத்தினால், ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமமான பலன் கிடைக்கும். செலவு மிகக் குறைவு. கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்க்கோட்டில் செல்வதால், தரையில் வைத்த ஆம்ப்ளிஃபயர் வாசிப்பவரின் காலுக்கும் முன்வரிசையினரின் காதுக்குமே ஒலிக்கும். பெட்டியைச் சாய்த்தோ உயர்த்தியோ வைத்தால் குறைந்த ஒலியளவே போதும். 1960களிலேயே ஃபெண்டர் பெரிய பெட்டிகளில் சாய்ப்புக் கால்களைப் பொருத்தியது இதற்காகத்தான்.

நான்காவது எடை. ட்வின் ரிவெர்ப் ஏறத்தாழ 29 கிலோ, ஏசி30 30 கிலோவுக்கு மேல், டீலக்ஸ் ரிவெர்ப் 19 கிலோ, 15 வாட் கொண்ட புளூஸ் ஜூனியர் 14 கிலோ. சுமைப் பணியாளர் இல்லாத கலைஞர் நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் படியிறங்கும்போது இந்த எண்களின் பொருள் புரியும்.

ஐந்தாவது மின்சாரம். அமெரிக்கச் சந்தைக்கான ஆம்ப்ளிஃபயர்கள் 120 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டவை. இந்தியாவின் 230 வோல்ட்டில் அவற்றை நேரடியாக இணைத்தால் கெட்டுவிடும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகலாம். உள்ளே 400 வோல்ட்டையும் தாண்டும் மின்னழுத்தம் இருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர் பெட்டியைத் திறக்கக் கூடாது.

ஆறாவது செவி. 85 டெசிபல் ஒலியில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடமே. மேடையில் டிரம்ஸுக்கு அருகே இந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது. 100 வாட் அடுக்கைக் கேட்டு வாங்கிய பீட் டவுன்ஷெண்ட், தம் செவித்திறன் இழப்பையும் காதில் ஓயாமல் ஒலிக்கும் இரைச்சலையும் பற்றிப் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

வால்வின் எதிர்காலம்

அமெரிக்காவின் ஆர்சிஏ 1976-ல் வால்வு உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த இருபது ஆண்டுகளில் மேற்கு நாடுகளின் பெரிய ஆலைகள் பெரும்பாலும் மூடப்பட்டன. இன்று கிட்டார் வால்வுகள் முதன்மையாக ரஷ்யாவின் சராடோவ், சுலோவாக்கியாவின் சாட்சா ஆகிய நகரங்களிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளை விதித்தபோது உலகெங்கும் வால்வு விலை உயர்ந்தது. தட்டுப்பாடு பின்னர் தணிந்தாலும், சில ஆலைகளை மட்டுமே நம்பியிருக்கும் தொழில் இது என்பது தெரிந்தது. பரவலாகக் கிடைக்கும் 6எல்6, இஎல்34, இஎல்84, 12ஏஎக்ஸ்7 ஆகியவற்றைப் பயன்படுத்தும் ஆம்ப்ளிஃபயரை வாங்குவது இதனாலும் நல்லது.

கணினி வழியே வால்வின் இயல்பைப் போலச்செய்யும் கருவிகள் இன்று பல பெரிய மேடைகளில் வால்வு ஆம்ப்ளிஃபயரின் இடத்தைப் பிடித்துள்ளன. அவை போலச்செய்பவை பெரும்பாலும் 1950, 1960களின் பாஸ்மேன், டீலக்ஸ், ஏசி30, மார்ஷல் ஆகியவற்றையே. இவ்வடிவங்களை உருவாக்கியவர்கள் ஒவ்வொருவரும் தம் காலத்து மேடையின் ஒரு குறிப்பிட்ட தேவைக்கு விடை தேடினர். அத்தேவை இன்றைய அரங்கில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குபவர், பெரும்பாலும் தாம் முதலில் நினைத்ததைவிடச் சிறிய ஆம்ப்ளிஃபயருடனேயே மேடையேறுகிறார்.